ஐம்பதாயிரம் காசு, ஒரே பானை: ரோமானியப் புதையலை எப்படிப் படிப்பது?

எங்காவது புதையல் கிடைத்ததாகச் செய்தி வந்தால் பலரும் முதலில் கேட்பது "எவ்வளவு தேறும்?" என்றுதான். கேட்கட்டும், தப்பில்லை. அடுத்ததாக "யாருக்குப் பயந்து புதைத்தான்?" என்று வரும் பாருங்கள், அங்கேதான் சிக்கல். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதை முதலிலேயே கேட்டவர்கள் ஒரு கதையை முடிவு செய்துகொண்டு, பிறகு காசுகளை அந்தக் கதைக்குள் திணித்திருக்கிறார்கள். பானை எப்படி இருந்தது, காசுகள் எந்த வரிசையில் கிடந்தன, ஆகக் கடைசிக் காசு யாருடையது, இருந்திருக்க வேண்டிய எது இல்லை, இவ்வளவையும் பார்த்துவிட்டு அப்புறம் "ஏன்" என்று கேளுங்கள். பதிலில் பரபரப்பு குறையலாம், ஆனால் நம்பலாம்.

வெறும் விதியாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால் ஒரே ஒரு புதையலை எடுத்துக்கொண்டு போவோம். இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் மாவட்டத்தில் ஃப்ரூம் என்று ஒரு சிறு நகரம். 2010 ஏப்ரலில் அதன் அருகே ஒரு வயலில் மெட்டல் டிடெக்டரோடு நடந்துகொண்டிருந்த ஒருவருக்கு ஒரு பானை அகப்பட்டது. அதற்குள் 52,503 ரோமானியக் காசுகள். பிரிட்டனில் ஒரே கலத்துக்குள் இவ்வளவு காசு கிடைத்ததில்லை. 1978இல் வில்ட்ஷர் மாவட்டத்தில் கிடைத்த குனேட்டியோ புதையலில் 54,951 காசுகள் இருந்தன என்றாலும் அவை இரண்டு கலங்களில் இருந்தவை. கி.பி. 43இல் ரோமப் பேரரசர் கிளாடியஸின் படைகள் வந்திறங்கியதிலிருந்து ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பிரிட்டன் ரோமப் பேரரசின் மாகாணம். பேரரசின் ஓரத்தில், கடலுக்கு அப்பால் இருந்த மாகாணம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் பானை

முக்கால் முழ ஆழத்தில் முதலில் ஒரு காசு வந்தது, பிறகு பானையின் மேற்பகுதி தெரிந்தது. கண்டுபிடித்தவர் அத்தோடு நிறுத்திக்கொண்டு, மண்ணைத் திரும்பத் தள்ளி மூடிவிட்டு, தொல்லியல் அலுவலருக்குத் தகவல் சொன்னார். கையை விட்டு அள்ளாமல் இருந்தாரே, அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும், ஏனென்றால் கீழே நான் சொல்லப்போவதில் பாதி அந்த நிதானத்தால் கிடைத்ததுதான்.

தோண்ட வந்த தொல்லியல் ஆய்வாளர்கள் பார்த்தபோது பானை மண்ணுக்குள்ளேயே விரிசல் விட்டிருந்தது. 60 சென்டிமீட்டர் உயரம், 45 சென்டிமீட்டர் அகலம், உள்ளே 160 கிலோ காசு. அப்படியே தூக்கினால் கையோடு உடைந்து கொட்டியிருக்கும். அதனால் இருந்த இடத்திலேயே வைத்து, காசுகளை அடுக்கு அடுக்காக எடுத்து, எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்று ஒவ்வொரு பைக்கும் சீட்டு எழுதி வைத்தார்கள். மெனக்கெட்ட வேலை. மூன்று நாள் போலப் பிடித்தது.

இந்த இடத்தில் உங்களுக்கான முதல் பாடம்: எந்தப் புதையலைப் பற்றிப் படித்தாலும் கலம் எது, அதன் சுவர் எவ்வளவு தடிமன், சுற்றி என்ன இருந்தது என்று தேடுங்கள். ஃப்ரூம் பானையின் சுவர் மெல்லியது. 160 கிலோ பாரத்தோடு அதைச் சுமந்து வந்திருக்கவே முடியாது. அப்படியென்றால் முதலில் குழி வெட்டி, வெறும் பானையை இறக்கி வைத்துவிட்டு, காசுகளை வேறு சின்னப் பைகளிலோ கூடைகளிலோ கொண்டுவந்து உள்ளே கொட்டியிருக்கிறார்கள். பானையைச் சுற்றி வைக்கோல் போன்ற ஏதோ தாவரப்பொருளை அணைவாக வைத்ததற்கான தடயமும் இருந்தது. படை துரத்திவரும்போது ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்த வேலையாக இது தெரியவில்லை.

அடுத்தது அடுக்கு. ஒருவர் பல வருஷமாக உண்டியலில் போடுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருந்தால் பழைய காசு அடியிலும் புதிய காசு மேலேயும் இருக்க வேண்டும். இங்கே நேர்மாறு. இருப்பதிலேயே புதிய காசுகள், அதாவது பிரிட்டனில் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்ட கரௌசியஸ் என்பவர் வெளியிட்டவை, பெரும்பாலும் பானையின் பாதிக்குக் கீழே கிடந்தன. அவற்றுக்கு மேல் இருபது முப்பது வருஷம் பழைய காசுகள். ஆக, இது பல வருஷச் சேமிப்பின் வளர்ச்சி இல்லை. ஏற்கெனவே சேர்ந்திருந்த பல மூட்டைகளை ஏறக்குறைய ஒரே சமயத்தில் கொட்டியிருக்கிறார்கள். கரௌசியஸ் காசு அதிகமாக இருந்த மூட்டை தற்செயலாக முன்னதாக உள்ளே போயிருக்கிறது. பைகளில் சீட்டு எழுதாமல் எல்லாவற்றையும் ஒரு தொட்டியில் கொட்டிக் கழுவியிருந்தால் இந்த ஒரு விஷயம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

கடைசிக் காசு

புதையல் எப்போது புதைக்கப்பட்டது என்று தெரிய, அதில் இருக்கும் ஆகப் புதிய காசைப் பிடியுங்கள். 52,502 காசுகள் ஒரு காலத்தைச் சொல்லி, ஒரே ஒரு காசு இருபது வருஷம் பிந்தியதாக இருந்தாலும், அந்த ஒன்றுதான் கணக்கு. ஃப்ரூம் காசுகளில் பழையது 253ஆம் ஆண்டு வாக்கில் வந்தது, புதியது 290 வாக்கில் கரௌசியஸ் வெளியிட்டது. எனவே 290க்கு முன்பு இதைப் புதைத்திருக்க முடியாது.

ஆனால் இதில் பலர் வழுக்கி விழுகிறார்கள். கடைசிக் காசு "இதற்கு முன் இல்லை" என்றுதான் சொல்லும், "இந்த ஆண்டில்தான்" என்று சொல்லாது. 1992இல் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் கிடைத்த தங்கம், வெள்ளிப் புதையலில் ஆகப் புதிய காசுகள் 407, 408ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அப்படியானால் 408இல் புதைத்தார்கள் என்று எழுதிவிடலாமா? அந்த வெள்ளிக் காசுகளை எடுத்துப் பார்த்தால் ஓரங்களைச் சீவி எடுத்திருக்கிறார்கள், சிலவற்றில் எழுத்தே போய்விட்டது, மன்னனின் தலை மட்டும் தப்பியிருக்கிறது. புதுக்காசு வரத்து நின்றுபோன பிறகு, இருக்கும் காசையே சீவிச் சீவிச் செலவழித்த காலம் அது. அதற்கு வருஷங்கள் ஆகும். எனவே 408க்குப் பிறகு எவ்வளவோ காலம் கழித்துப் புதைத்திருக்கலாம்.

பிந்தைய எல்லையை எப்படிப் பிடிப்பது? இல்லாத காசை வைத்து. 293இல் கரௌசியஸைக் கொன்றுவிட்டு அலெக்டஸ் ஆட்சிக்கு வந்தார், அவரும் 296 வரை அதே தீவில், அதே லண்டனில் காசு அடித்துத் தள்ளினார். ஃப்ரூம் பானையில் அவர் காசு கிடையாது. தொலைதூர நாட்டுக் காசு இல்லையென்றால் அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. பக்கத்திலேயே அடித்து, கை கையாகப் புழங்கிய காசு ஐம்பதாயிரத்தில் ஒன்றுகூட இல்லையென்றால் அதற்கு அர்த்தம் உண்டு. 290க்கும் 293க்கும் இடையில் என்று வைத்துக்கொள்வது நியாயமான கணிப்பு.

ஒரு காசைக் கிட்டத்தில் பார்ப்போம்

இப்போது பானையிலிருந்து ஒன்றை எடுங்கள். கிட்டத்தட்ட நம் ஒரு ரூபாய்க் காசளவு இருக்கும். எடை? 160 கிலோவை 52,503ஆல் வகுத்துப் பாருங்கள், சராசரி 3 கிராம். பார்க்கச் செம்புபோல், பச்சைக் களிம்பு பிடித்து இருக்கும். ஆனால் பெயரளவில் இது வெள்ளிக் காசு.

மன்னனின் தலையைப் பாருங்கள். சூரியக் கதிர்போல் முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும் முடி. இந்தக் கதிர்முடிக் காசை முதலில் வெளியிட்டவர் பேரரசர் கரகல்லா, 215இல். இரண்டு தினாரியஸ் (ரோமின் பழைய வெள்ளிக் காசு) மதிப்பு என்று பெரும்பாலானோர் கருதுகிறார்கள், ஆனால் அதில் இரண்டு தினாரியஸுக்கு உரிய வெள்ளி போடவில்லை, ஏமாற்று வேலை தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. மகாராணியின் காசு என்றால் கதிர்முடிக்குப் பதிலாக தோளுக்குக் கீழே பிறை இருக்கும். தொடக்கத்தில் பாதிக்குப் பாதி வெள்ளி இருந்தது, 270 வாக்கில் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போய்விட்டது. படைச்சம்பளம் ஏறிக்கொண்டே போக, வெள்ளி கிடைக்காமல் போக, செம்பைக் கலந்து கலந்து ஈடுகட்டினார்கள். இப்படிப்பட்ட காசுதான் இந்தப் பானையை நிரப்பியிருக்கிறது. ஐந்து காசுகளைத் தவிர, அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எழுத்துகளை வாசிப்பது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. லத்தீன் தெரிய வேண்டாம், பத்துப் பதினைந்து சுருக்கங்கள் தெரிந்தால் போதும். முன்பக்கத்தில் 'ஐ-எம்-பி' என்று தொடங்கினால் பேரரசர். அடுத்தது பெயர், 'யூ' வரும் இடத்தில் 'வி' இருக்கும், அதற்குப் பழகிக்கொள்ளுங்கள். 'ஏ-வி-ஜி' என்று முடிந்தால் அகஸ்டஸ் என்ற பட்டம். பின்பக்கத்தில் ஏதாவது ஒரு தெய்வம் அல்லது நற்குணம் பெண்ணுருவில் நிற்கும். கரௌசியஸ் காசுகளில் அதிகம் காணப்படுவது பாக்ஸ், அதாவது அமைதித் தெய்வம், ஒரு கையில் கிளை, இன்னொரு கையில் செங்கோல். அவள் காலடியில், கோட்டுக்குக் கீழே, அக்கசாலையின், அதாவது காசு அடிக்கும் கூடத்தின், குறி. 'எம்-எல்' என்றால் லண்டன். 'சி' என்ற எழுத்து எந்த ஊர் என்பதில் இன்னும் சண்டை ஓடுகிறது, கோல்செஸ்டர் என்பது ஒரு கட்சி. ஆண்டு வேண்டுமென்றால் 'டி-ஆர்-பி' என்ற சுருக்கத்தைத் தேடுங்கள், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட ஒரு பதவி, பக்கத்தில் இருக்கும் எண் எத்தனையாவது முறை என்று சொல்லும். மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதிக் காசுகளில் இது அபூர்வம், அதனால் இந்தப் பானைக்கு அதிகம் உதவாது.

இன்னொரு விஷயம். மாகாணக் காசு என்று சொன்னாலே காசு சேகரிப்பவர்கள் வேறொன்றை நினைப்பார்கள். பேரரசின் கிழக்குப் பகுதியில் நூற்றுக்கணக்கான நகரங்கள் கிரேக்க எழுத்தில் தங்கள் சொந்தக் காசை அடித்துக்கொண்டன. எகிப்தின் அலெக்சாந்திரியா காசில் 'எல்' போன்ற ஒரு குறியும் அதன் பக்கத்தில் ஒன்றிரண்டு கிரேக்க எழுத்தும் இருக்கும். அந்த எழுத்துகளே எண்கள், மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று சொல்லும். ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். ஆகவே எகிப்தில் கிடைத்த ஒரு பானையை ஆண்டு ஆண்டாகப் பிரித்து அடுக்கிவிடலாம், சுகமான வேலை. மேற்கே அந்த வசதி இல்லை. அங்கே நகரக் காசுகள் முதலாம் நூற்றாண்டிலேயே நின்றுவிட்டன. பிரிட்டன் மாகாணத்தில் புழங்கியது பேரரசின் பொதுக்காசு, அல்லது பேரரசுக்கு எதிராகக் கிளம்பியவனின் காசு.

பிரித்து எண்ணுவது

ஃப்ரூம் காசுகளைக் கழுவிக் காயவைத்துப் பிரிட்டிஷ் மியூசியத்தில் பிரித்தார்கள். முதல் சுற்றிலேயே கிடைத்த கணக்கு: ரோமின் மையப் பேரரசைச் சேர்ந்தவை 14,788. 'கால்' (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதியின் பழைய பெயர்) பேரரசைச் சேர்ந்தவை 28,377. கரௌசியஸ் காசு 766. போலிகளும் முறையற்றவையும் 314. களிம்பால் வாசிக்க முடியாதவை 8,258. கூட்டிப் பாருங்கள், 52,503 வரும். எந்தப் புதையல் கணக்கையும் இப்படிக் கூட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம், வாசிக்க முடியாதவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும் செய்திகள் நிறைய உண்டு.

கால் பேரரசு என்றால் என்ன? 260இல் ரோமப் பேரரசர் வலேரியன் பாரசீக மன்னன் ஷாப்பூரிடம் சிறைப்பட்டார். அதே ஆண்டில் ரைன் எல்லையில் இருந்த தளபதி போஸ்டுமஸ் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். இன்றைய பிரான்ஸ், ஜெர்மனியின் ஒரு பகுதி, பிரிட்டன், கொஞ்சகாலம் ஸ்பெயின், எல்லாம் அவர் கையில். அவர் ரோமைப் பிடிக்கப் போகவில்லை, ரோமாலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. அவருக்குப் பின் விக்டோரினஸ், அப்புறம் டெட்ரிகஸும் அவர் மகனும். 274இல் ரோமப் பேரரசர் ஆரேலியன் வந்து மறுபடி சேர்த்துக்கொண்டார். டெட்ரிகஸின் தலையை வாங்கவில்லை, ரோமில் ஊர்வலம் விட்டுக் காட்டிவிட்டு இத்தாலியில் ஒரு பதவியும் கொடுத்தார் என்பது வரலாற்றில் எனக்குப் பிடித்த இடங்களில் ஒன்று.

அடையாளம் தெரிந்த காசுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தக் கால் பேரரசின் காசு. அந்தப் பேரரசு ஒழிந்தது 274இல், பானையைப் புதைத்தது 290க்குப் பிறகு. இல்லாமல் போன ஆட்சியின் காசு பதினாறு வருஷம் கழித்தும் கட்டுக்கட்டாகப் புழக்கத்தில் இருந்திருக்கிறது! காரணம் எளிது. 274இல் ஆரேலியன் காசைச் சீர்திருத்தினார், கொஞ்சம் கூடுதல் வெள்ளி, 'எக்ஸ்-எக்ஸ்-ஐ' என்ற குறி. அந்தப் புதுக்காசு கடல் கடந்து பிரிட்டனுக்கு அதிகம் வரவில்லை. வந்ததையும் மக்கள் செலவழித்திருப்பார்களா என்ன? அதனால் மாகாணத்தில் பழைய மட்டக்காசே ஓடியது, அதுவும் போதாமல் ஆங்காங்கே உள்ளூர்க்காரர்கள் டெட்ரிகஸ் காசைப் பார்த்துத் தாங்களே அடித்துக்கொண்டார்கள். அந்தப் போலிகளில் முகம் கோட்டோவியமாகவும் எழுத்து வெறும் குச்சிகளாகவும் இருக்கும். கள்ளக்காசு என்று உடனே முத்திரை குத்த வேண்டாம், சில்லறைத் தட்டுப்பாட்டுக்கு ஊரே கண்டுபிடித்த வழியாகவும் இருக்கலாம்.

அந்த 766 காசும் ஐந்து வெள்ளியும்

எண்ணிக்கையில் நூற்றுக்கு ஒன்றரைதான், ஆனால் இந்தப் பானையில் ஆராய்ச்சியாளர்கள் துள்ளிக் குதித்தது கரௌசியஸ் காசுகளைப் பார்த்துத்தான்.

கரௌசியஸ் கால் நாட்டுக் கடற்கரையில் மெனாப்பி என்ற குடியில் பிறந்தவர், எளிய குடும்பம். பிராங்க், சாக்சன் கடற்கொள்ளையரை அடக்கும் கப்பற்படைக்குத் தளபதி. கொள்ளையர்களைக் கொள்ளையடிக்க விட்டு, திரும்பும்போது மடக்கி, பறித்ததைத் தானே வைத்துக்கொண்டார் என்று குற்றச்சாட்டு. மேற்குப் பேரரசர் மாக்சிமியன் அவரைக் கொல்ல உத்தரவிட்டார். தெரிந்ததும் கரௌசியஸ் 286இல் அல்லது 287இல் பிரிட்டனைப் பிடித்துக்கொண்டு பேரரசராக முடிசூடிக்கொண்டார். மறுகரையில் போலோன் துறைமுகமும் அவர் கையில். இவ்வளவையும் நமக்குச் சொல்பவர்கள் அவரை வென்றவர்களின் புகழ்பாடிகளும் பிற்காலச் சுருக்க ஆசிரியர்களும்தான். அவர் தரப்பில் பேசுவது அவர் காசு. அதைவிட்டால் கார்லைல் அருகே ஆற்றில் கிடைத்த ஒரு மைல்கல், அவர் முழுப்பெயர் இருக்கும் ஒரே கல்வெட்டு அது.

காசு என்ன பேசுகிறது? ஆரம்பகாலக் காசுகள் சிலவற்றைச் சாய்வான வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், கரௌசியஸின் தடித்த கழுத்துக்கும் தாடிக்கும் பின்னால் இன்னொருவரின் கதிர்முடி மங்கலாகத் தெரியும். பழைய கால் பேரரசுக் காசின் மேலேயே தன் அச்சை வைத்து அடித்திருக்கிறார். படைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், புதுத்தகடு வார்க்க நேரமில்லை.

கொஞ்சம் காலூன்றியதும் தொனி மாறுகிறது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் வெள்ளி உள்ள தினாரியஸ் அடித்தார். அந்தத் தலைமுறை கண்ணாலேயே பார்த்திராத காசு அது. ஃப்ரூம் பானையில் இருந்த ஐந்து வெள்ளிக் காசுகள் இந்த வகைதான். அவர் வெள்ளிக் காசுகளின் அடியில் 'ஆர்-எஸ்-ஆர்' என்று மூன்று எழுத்து. அக்கசாலைக் குறி என்றே நீண்டகாலம் நினைத்தார்கள், கணக்கு ஒத்துவரவில்லை. 1990களில்தான் புதிர் அவிழ்ந்தது. 'சனியின் பொற்காலம் திரும்புகிறது' என்ற பொருளில் கவிஞர் வர்ஜில் எழுதிய வரியின் முதலெழுத்துகள் அவை, அதற்கு அடுத்த வரியின் முதலெழுத்துகள் கரௌசியஸின் ஒரு பதக்கத்தில் இருக்கின்றன. இன்னொரு காசில் பிரிட்டன் ஒரு பெண்ணாக நின்று அவர் கையைப் பற்றி "எதிர்பார்த்தவரே, வாரும்" என்கிறாள். கொள்ளைக்காரன் என்று எதிரிகள் எழுதிவைத்த ஆள், காசின் ஓரத்தில் கவிதையைச் சுருக்கி எழுதியிருக்கிறார். அவரைப் படிப்பறிவில்லாத மாலுமி என்று இன்னும் எழுதுபவர்கள் இந்தக் காசைப் பார்ப்பது நல்லது.

இன்னும் நுணுக்கமானது 'ஜி' எழுத்து. ஒரு பேரரசர் என்றால் ஏ-வி-ஜி. இரண்டு பேர் என்றால் இரண்டு 'ஜி'. மூன்று பேர் என்றால் மூன்று. கரௌசியஸ் 290 வாக்கில் மூன்று 'ஜி' போட்ட காசுகளை வெளியிட்டார். கிழக்குப் பேரரசர் டயோக்ளீஷியன், மாக்சிமியன், நான், மூவரும் சகோதரர்கள் என்று ஒருதலையாக அறிவிப்பு! மூவரின் தலையையும் வரிசையாகப் போட்டு 'கரௌசியஸும் அவர் சகோதரர்களும்' என்று எழுதிய காசுகூட உண்டு. மற்ற இரு சகோதரர்களும் இவரைக் காசில் சேர்க்கவே இல்லை. 293இல் மாக்சிமியனின் துணைப்பேரரசர் கான்ஸ்டான்டியஸ் போலோனைப் பிடித்தார், கரௌசியஸை அவருடைய ஆளான அலெக்டஸே தீர்த்துக்கட்டினார், 296இல் மாகாணம் மறுபடி ரோமுக்குப் போனது. வடபிரான்சில் அராஸ் நகருக்கு அருகே 1922இல் கிடைத்த வேறொரு புதையலில் ஒரு பெரிய தங்கப் பதக்கம் இருக்கிறது: குதிரைமேல் கான்ஸ்டான்டியஸ், நகர வாசலில் மண்டியிடும் லண்டன், 'நித்திய ஒளியை மீட்டுத் தந்தவர்' என்று எழுத்து. கரௌசியஸ் காசில் கைகோத்து வரவேற்ற தீவு இங்கே மண்டியிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, ஏன் புதைத்தார்கள்?

இப்போது கேட்கலாம். வழக்கமான பதில்: போர், படையெடுப்பு, பயம். மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டன் முழுக்க நூற்றுக்கணக்கான கதிர்முடிப் புதையல்கள் கிடைக்கின்றன. ஆனால் அந்த நாட்களில் ரத்தக்களறி அதிகம் நடந்தது எல்லை மாகாணங்களில், பிரிட்டனில் அந்த அளவுக்கு இல்லை. பயத்தை மட்டும் வைத்து இத்தனை பானைகளை விளக்க முடியாது.

நாம் காண்பவை எல்லாம் திரும்ப எடுக்கப்படாத புதையல்கள் மட்டுமே என்பதையும் மறக்கக் கூடாது. புதைத்தவன் மறுமாதமே வந்து தோண்டிக்கொண்டு போயிருந்தால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது. அப்படியானால் சரியான கேள்வி "ஏன் திரும்ப எடுக்கவில்லை?" செத்திருக்கலாம். அல்லது எடுக்கும் அளவுக்கு மதிப்பில்லாமல் போயிருக்கலாம்: புதுக்காசு வந்து பழைய மட்டக்காசு செல்லாக்காசாகிவிட்டால், 160 கிலோ செம்பைத் தோண்டி என்ன செய்ய? மூன்றாவது ஒரு வாதத்தை ஃப்ரூம் காசுகளை ஆராய்ந்தவர்களே முன்வைத்தார்கள்: இது தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கை. மெல்லிய பானை, குழிக்குள் வைத்து நிரப்பியது, எடுக்க வேண்டுமென்றால் பானையை உடைக்க வேண்டும், இடமும் ஈரப்பாங்கானது. ஒரு ஊரே ஒன்றுகூடி ஆளுக்கொரு மூட்டை கொட்டியிருக்கலாம் என்றார்கள். அடுக்குகள் அதற்கு ஒத்துப்போகின்றன. ஆனால் மேல்வாயைத் திறந்து கைப்பிடி கைப்பிடியாக அள்ளவும் முடியும் அல்லவா? என்னைக் கேட்டால், பல மூட்டைகளை ஒரே சமயத்தில் கொட்டினார்கள் என்பது வரை உறுதி, காணிக்கை என்பது நல்ல ஊகம், அவ்வளவுதான்.

இது வெறும் பட்டிமன்றம் இல்லை, காசு யாருக்குச் சொந்தம் என்பதையே இந்தக் கேள்வி ஒருகாலத்தில் தீர்மானித்தது. பழைய ஆங்கிலேயச் சட்டப்படி, தங்கமோ வெள்ளியோ கணிசமாக உள்ள பொருளை, திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு மறைத்திருந்தால்தான் அரசுக்குச் சேரும். லிங்கன்ஷர் மாவட்டத்தில் கோல்பி என்ற ஊரில் 7,811 கதிர்முடிக் காசுகள் கிடைத்தபோது, வெள்ளி மிகக் குறைவு, இது சட்டப்படி புதையலே இல்லை என்று 1982இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அன்றைய ரோம அக்கசாலை செய்த கலப்படத்துக்கு ஆயிரத்து எழுநூறு வருஷம் கழித்துத் தீர்ப்பு! 1996 சட்டம் இதை மாற்றியது. ஃப்ரூம் காசுகள் அந்தப் புதுச் சட்டத்தின் கீழ் வந்தன, 3,20,250 பவுண்ட் என்று மதிப்பிட்டார்கள், கண்டுபிடித்தவரும் நிலத்துக்காரரும் பகிர்ந்துகொண்டார்கள், காசுகள் டான்டன் நகரில் சாமர்செட் மியூசியத்துக்குப் போயின.

நீங்களே செய்துபார்க்க

காசு வாங்க வேண்டாம், இணையத்தில் விற்கும் 'புதையல் காசு' பலவும் போலி, மீதியில் பலது திருட்டு. பிரிட்டனில் கிடைத்த காசுகளுக்குப் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் தளத்தில் படமும் எடையும் கிடைத்த இடமும் இலவசமாக இருக்கின்றன. பேரரசுக் காசின் வகையைப் பார்க்க அமெரிக்கன் நியூமிஸ்மேட்டிக் சொசைட்டியின் 'ஓ-சி-ஆர்-இ' (OCRE) தளம், கிழக்கு நகரக் காசுகளுக்கு ரோமன் ப்ரொவின்ஷியல் காயினேஜ் தளம். ஒரு காசின் முன்பக்க எழுத்தை மட்டும் தட்டித் தேடிப் பழகுங்கள், ஒரு வாரத்தில் கை வந்துவிடும்.

பழகியதும் நம் பக்கத்துப் புதையல் ஒன்றை எடுங்கள். புதுக்கோட்டை அருகே கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகள். கடைசிக் காசு வெஸ்பாசியன் காலத்தது, அவர் ஆண்டது 69 முதல் 79 வரை, அதனால் 69க்கு முன்பு புதைத்திருக்க முடியாது. பத்தில் ஒன்பதுக்கும் மேலான காசுகளில் மன்னனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. ரோமின் மாகாணங்களில் கிடைக்கும் புதையல்களில் இந்த வெட்டு வழக்கம் இல்லை, இங்கே மன்னன் முகத்துக்கு மதிப்பு இல்லை, தங்கத்தின் எடைக்குத்தான் மதிப்பு. இனி இது காசாகச் செல்லாது, வெறும் பொன் என்று குறிக்க வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். உள்ளே வேறு உலோகமா என்று சோதித்த வெட்டு என்பது இன்னொன்று. முதலாவதை ஏற்றால் வெட்டாமல் விட்ட சில காசுகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும், இரண்டாவதை ஏற்றால் சோதிக்க ஓரத்தில் ஒரு சிறு வெட்டுப் போதுமே, முகத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். எது பொருந்துகிறது என்று நீங்களே எடைபோடுங்கள்.

கடைசியாக, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது பானை தட்டுப்பட்டால்: நம் நாட்டில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதையும் மண்ணுக்குள் கண்டால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கு முன் பானைக்குள் கை விடாதீர்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள், மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் போனில் படம் எடுத்து வையுங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோலையோ ஒரு ரூபாய்க் காசையோ வைத்து எடுத்தால் இன்னும் நல்லது.